சேப்பாக்கத்தில் ஒரு பந்து மிச்சம்: முகம் தெரியாதவர்களுக்கு விளையாட்டுக் கேள்வி தயாரிக்கும் முறை

"உலகின் மிக இளைய செஸ் சாம்பியன் யார்?" என்று ஒரு குழுவில் கேட்டுப் பாருங்கள். பத்து நொடிக்குள் "குகேஷ்" என்று பதில்கள் வரிசை கட்டும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் "பொனமாரியோவ்" என்பார். இன்னொருவர் "ஹோ யிஃபான்" என்பார். அதன் பிறகு அன்றைய க்விஸ் அவ்வளவுதான். யார் சரி என்ற சண்டையிலேயே அரைமணி நேரம் போய்விடும்.

மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5–6.5 என்று வென்றபோது அவருக்கு 18 வயது, ஆறு மாதம். ருஸ்லான் பொனமாரியோவ் 2002 ஜனவரியில் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) உலகப் பட்டத்தை வென்றபோது 18 வயது, மூன்று மாதம். ஆனால் 1993 முதல் 2006 வரை செஸ் உலகப் பட்டம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பொனமாரியோவ் வென்றது அதில் ஒரு பாதியை. ஹோ யிஃபான் 2010-ல் பெண்கள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 16. ஆகவே பதில் சொன்னவர்கள் யாரும் தவறு செய்யவில்லை. கேட்டவர்தான் தவறு செய்தார். "பிளவுபடாத ஓபன் பிரிவு உலகப் பட்டத்தை மிகக் குறைந்த வயதில் வென்றவர் யார்?" என்று கேட்டிருந்தால் குகேஷ் ஒருவர்தான் பதில். ஓபன் பிரிவு என்றால் ஆண், பெண் யாரும் ஆடக்கூடிய பிரிவு. இரண்டு மூன்று சொற்கள் கூடுதலாகச் சேர்த்திருந்தால் சண்டைக்கே இடமில்லை.

முகம் தெரியாதவர்கள் கூடும் இடத்தில் இது இன்னும் முக்கியம். வீட்டுத் திண்ணையிலோ டீக்கடையிலோ கேள்வி கொஞ்சம் பிசகினாலும் சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம், குரலும் முகமும் சமாளித்துவிடும். எழுத்தில் அந்தச் சலுகை கிடையாது. சேலத்துக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர், டொராண்டோவில் படிப்பவர் என்று ஒரே குழுவில் இருப்பார்கள். அவர்களுக்குள் இருக்கும் ஒரே பாலம் அந்தக் கேள்வியின் வாசகம்தான்.

ஒரு விளையாட்டுக் கேள்வியை வெளியே விடும் முன் ஐந்து இடங்களில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா, எந்த வடிவம் (டெஸ்ட்டா, ஒருநாளா, டி20-ஆ), எந்த அணிக்காக, எந்தத் தேதி வரை, என்ன அலகு. இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று திறந்து கிடந்தால் அந்த வழியாக இன்னொரு சரியான பதில் உள்ளே வந்துவிடும்.

முதலாவதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். "ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் யார்?" என்றால் சச்சின் என்று எழுதி வைத்திருப்பார்கள். அவர் குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 200 அடித்தது 2010 பிப்ரவரி 24. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1997 டிசம்பர் 16 அன்று, மும்பையில் டென்மார்க்குக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். முதல் கிரிக்கெட் உலகக் கோப்பையும் அப்படித்தான். 1975 என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பெண்கள் உலகக் கோப்பை 1973-லேயே இங்கிலாந்தில் நடந்து முடிந்துவிட்டது, வென்றதும் இங்கிலாந்துதான். "ஆண்கள்" என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, கிளார்க்கையே பதிலாக வைத்துக் கேள்வியைத் திருப்பிப் போடுவது: "ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதம் இந்திய மண்ணில்தான் அடிக்கப்பட்டது, ஆனால் குவாலியரில் இல்லை. எந்த நகரம், யார்?" தெரியாதவரும் "அப்போ சச்சின் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு பேச்சுக்குள் வந்துவிடுவார். நமக்கு வேண்டியதும் அதுதானே.

"எந்த அணிக்காக" என்பதற்கு முரளிதரனைவிட நல்ல உதாரணம் இல்லை. டெஸ்ட்டில் 800 விக்கெட் என்பது எல்லோருக்கும் தெரியும். 2010 ஜூலையில் காலியில், பிரக்யான் ஓஜா கொடுத்த கேட்சை மகேல ஜெயவர்தன பிடித்தபோது வந்த 800. ஆனால் இலங்கைக்காக அவர் எடுத்தது 795. மீதி 5, 2005-ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக லெவன் அணிக்காக ஆடிய ஒரே டெஸ்ட்டில் வந்தவை. இதை வாக்கெடுப்பாகப் போடும்போது தெரிவுகளில் 800 கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேள்வியில் பொறியே இல்லை. மற்ற இரண்டும் 795-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். 650, 700 என்று போட்டால் தெரியாதவர்கூட சுலபமாகக் கழித்துவிடுவார்.

தேதி விஷயம் தனிக் கவனம் கேட்கிறது. ஐபிஎல்லில் ஒரு அணியின் அதிகபட்ச ஸ்கோர் 2013 ஏப்ரலிலிருந்து 263. கெய்ல் 175 அடித்த அந்த ஆட்டம். பதினொரு வருடம் அசையாமல் இருந்ததால் எல்லாக் கேள்வித் தொகுப்பிலும் 263 ஊறிப்போய்விட்டது. 2024 மார்ச் 27-ல் ஹைதராபாத் 277 அடித்தது. அதே அணி ஏப்ரல் 15-ல் பெங்களூருவில் 287 அடித்தது. மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை பதில் மாறியது. அதனால் "அதிகபட்சம்", "முதலிடம்", "ஒரே" என்ற சொற்கள் வரும் எந்தக் கேள்விக்கும் தலையிலேயே ஒரு தேதியைக் கட்டிவிடுங்கள்: "2013 சீசன் முடிவில்...", "2024 ஏப்ரல் 30 நிலவரப்படி...". தேதி கட்டிய கேள்வி பத்து வருடம் கழித்தும் கெடாது.

விளையாட்டு அல்லாத துணுக்குகளுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32 என்று பழைய பொது அறிவுப் புத்தகங்கள் சொல்லும். 2019, 2020 ஆண்டுகளில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை என்று ஆறு சேர்ந்து 38 ஆகிவிட்டது. சனிக் கோளின் நிலவுகள் 2023-ல் 146, 2025 மார்ச்சில் 274. எவரெஸ்ட்டே 8,848 மீட்டரிலிருந்து 2020 டிசம்பரில் 8,848.86 ஆனது. மலையும் கோளும்கூட நிலையாக நிற்காதபோது ஐபிஎல் சாதனையை நம்பித் தேதி இல்லாமல் கேட்பது ஆபத்து.

தவறான துணுக்குகள் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்றால், அவை கதையாக நன்றாக இருப்பதால்தான். "வெறுங்காலோடு ஆட அனுமதிக்காததால் 1950 கால்பந்து உலகக் கோப்பையிலிருந்து இந்தியா விலகியது" என்பது அதில் பெரியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்சுடன் ஆடி 2–1 என்று தோற்றது உண்மை. மற்ற அணிகள் விலகியதால் 1950-க்கு இந்தியா தகுதி பெற்றதும் உண்மை. ஆனால் விலகலுக்கு வெறுங்கால் காரணம் இல்லை என்று அணித்தலைவராக இருந்த சைலேன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைய நிர்வாகத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, பிரேசிலுக்கான நீண்ட கடல் பயணமும் தயக்கம் தந்தது. "இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி" என்பதும் இப்படித்தான். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்விக்கு 2012-ல் மத்திய அரசே பதில் தந்துவிட்டது. இந்த இரண்டையும் "சரியா தவறா" கேள்வியாகப் போடலாம். ஆனால் ஒரு மாலையில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது வந்ததும் எல்லாவற்றுக்கும் "தவறு" என்று அழுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

கண்ணால் பார்த்த நினைவையும் அப்படியே நம்ப முடியாது. 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. மழை ஆட்டத்தை நிறுத்தும் முன் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 தேவை. மழை நின்ற பிறகு மைதானப் பலகையில் "1 பந்தில் 22" என்று வந்த காட்சி உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. உண்மையான இலக்கு 1 பந்தில் 21. பலகைதான் தவறு. "நான் நேரடியாகப் பார்த்தேன்" என்று யாராவது அடித்துச் சொன்னாலும் ஸ்கோர்கார்டை எடுத்து வைப்பதுதான் முறை.

இனி கேள்வியின் சுவை. ஒற்றைத் தகவல் கேள்வி, அதாவது "அவர் எத்தனை ரன் எடுத்தார்" வகை, தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், தெரியாதவர் வேடிக்கை பார்ப்பார். பேச்சு எழாது. இரண்டு மூன்று தகவல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் கோர்வைக் கேள்விதான் முகம் தெரியாதவர்களைச் சேர்த்து வைக்கும். ஒருவர் ஒரு நுனியைப் பிடிப்பார், இன்னொருவர் மறு நுனியைப் பிடிப்பார்.

இதற்குச் சேப்பாக்கம் ஒரு சுரங்கம். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்தபடியே 210 அடித்தார். ஆஸ்திரேலியா 574-க்கு 7 டிக்ளேர், இந்தியா 397, ஆஸ்திரேலியா 170-க்கு 5 டிக்ளேர். இந்தியாவுக்கு இலக்கு 348. கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. இந்தியா 347 ஆல் அவுட், இரண்டு அணிக்கும் மொத்த ரன் சமம். டை. ஒரு பந்து மிச்சம். டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு இரண்டாவது டை.

ஓராண்டு கழித்து, 1987 அக்டோபர் 9. அதே சேப்பாக்கம், அதே இரண்டு அணிகள், இந்த முறை உலகக் கோப்பை. ஆஸ்திரேலியா முதலில் ஆடி முடித்தபோது 268. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நான்கு கொடுத்திருந்தார், ஆஸ்திரேலியர்கள் அது சிக்ஸ் என்றார்கள். இடைவேளையில் கபில்தேவ் ஒப்புக்கொண்டார், ஸ்கோர் 270 ஆனது. இந்தியா 269-க்கு ஆல் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. கடைசி விக்கெட், மறுபடியும் மணிந்தர் சிங். இந்த முறை ஸ்டீவ் வா பந்தில் போல்டு. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து. மறுபடியும் ஒரு பந்து மிச்சம்!

இந்தக் கோர்வையிலிருந்து குறைந்தது நான்கு நல்ல கேள்விகள் எடுக்கலாம். "ஒரே மைதானத்தில், ஒரே அணிக்கு எதிராக, ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை கடைசி ஆளாக அவுட் ஆனவர், இரண்டு முறையும் ஒரு பந்து மிச்சம். யார்?" என்பது நடுத்தரம். "எதிரணித் தலைவர் மனமுவந்து கொடுத்த 2 ரன், கடைசியில் தோல்வி 1 ரன்னில். எந்த ஆட்டம்?" என்பது அதைவிட உணர்ச்சிகரம், கபிலைப் பற்றி ஒரு அரைமணி நேரப் பேச்சைக் கிளப்பிவிடும். "டெஸ்ட்டின் முதல் இரண்டு டைகளில் ஒன்றில் ஆட்டக்காரராகவும் மற்றதில் பயிற்சியாளராகவும் இருந்த ஆஸ்திரேலியர்?" பாப் சிம்ப்சன், இது கடினம். நான்காவது, வெறும் எண்: 1986-ல் இந்தியாவின் இலக்கு என்ன? டை என்று தெரிந்தால், இந்தியா எடுத்த 347-லிருந்து கணக்குப் போட்டே 348-க்கு வந்துவிடலாம்.

யோசித்து வந்துசேர வழியுள்ள கேள்விகளுக்கு இன்னும் இரண்டு. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 25-வது டெஸ்ட்டில், இதே சென்னையில், இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் இங்கிலாந்துக்கு எதிராக. வினு மன்கட் 12 விக்கெட். அந்த ஆட்டத்தின் முதல் நாளில்தான் பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார், ஓய்வு நாளை முன்னே நகர்த்தினார்கள். "ஓர் அரசரின் மரணச் செய்தி குறுக்கிட்ட டெஸ்ட்டில் இந்தியா முதல் வெற்றி பெற்றது, எந்த ஆண்டு?" கிரிக்கெட்டே தெரியாத, ஆனால் எலிசபெத் அரியணை ஏறிய ஆண்டு தெரிந்த ஒருவர் 1952 என்று சொல்லிவிடுவார். கிரிக்கெட் புலிகளுக்கு நடுவே அவருக்கும் ஓர் இடம் கிடைக்கும். இந்த வகைக் கேள்வி ஒன்றாவது ஒவ்வொரு மாலையும் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இன்னொன்று பிராட்மேனின் 99.94. சராசரி தெரியாதவர் இல்லை. "கடைசி இன்னிங்ஸில் 4 ரன் எடுத்திருந்தால் 100" என்ற துணுக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பாதிதான். 1948 ஆகஸ்ட் 14, ஓவல், எரிக் ஹோலிஸ் பந்தில் பூஜ்யம். மொத்தம் 6996 ரன், 80 இன்னிங்ஸ், 10 நாட் அவுட், எனவே 70 முறை அவுட். 4 ரன் எடுத்து அவுட் ஆகியிருந்தால் 7000-ஐ 70-ஆல் வகுத்துச் சரியாக 100. அந்த இன்னிங்ஸுக்குள் நுழையும் முன் சராசரி எவ்வளவு? 6996-ஐ 69-ஆல் வகுத்தால் 101.39. அதாவது ஒரு ரன்கூட எடுக்காமல் நாட் அவுட்டாக நின்றிருந்தாலே 100-க்கு மேல்தான் முடித்திருப்பார். "எத்தனை ரன் தேவைப்பட்டது" என்று மொட்டையாகக் கேட்டால் இந்த நாட் அவுட் சந்தில் யாராவது நுழைந்து மறுப்பார். "அவுட் ஆவதாக வைத்துக்கொண்டால்" என்று சேர்த்துக் கேளுங்கள்.

நேரம், எண்ணிக்கை பற்றி. டி20 ஆட்டம் நடக்கும் மாலையில் இன்னிங்ஸ் இடைவேளை 20 நிமிடம். அதற்குள் எட்டுக் கேள்வி போதும்: கேள்விக்கு 90 நொடி, பதிலுக்கும் பேச்சுக்கும் சேர்த்து ஒரு நிமிடம். பத்துக் கேள்வி வைத்தால் கடைசி இரண்டு இரண்டாவது இன்னிங்ஸோடு மோதி யாருக்கும் வேண்டாததாகிவிடும். எட்டில் இரண்டு சுலபம், நான்கு நடுத்தரம், ஒன்று கடினம், ஒன்று விளையாட்டுக்கு வெளியே. முதல் கேள்வியில் பாதிப் பேராவது பதில் சொல்லிவிட வேண்டும், புதிதாக வந்தவர் அங்கேதான் தங்குவதா போவதா என்று முடிவெடுக்கிறார். கடினமானதைக் கடைசியில் வைக்காமல் ஐந்தாவதில் வையுங்கள். கடைசியில் வைத்தால் எல்லோரும் தோற்ற உணர்வோடு கலைவார்கள். ஒருவர்கூடச் சொல்ல முடியாத கேள்வியைக் கெட்டிக்காரக் கேள்வி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது தயாரிப்பின் குறை.

ஆட்டமில்லாத நாளில் வைப்பதானால் இந்திய நேரம் சனிக்கிழமை இரவு 8 மணி நன்றாகப் பொருந்தும். இலங்கைக்கும் அதே நேரம். சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 10.30. கோடையில் லண்டனில் பிற்பகல் 3.30, டொராண்டோவில் காலை 10.30. குளிர்காலத்தில் அந்த இரண்டு ஊர்களிலும் ஒரு மணி நேரம் முன்னால் வரும், அதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

"முதலில் சொன்னவருக்குப் புள்ளி" என்ற விதி மட்டும் வேண்டவே வேண்டாம். இணைய வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் போனில் முதலாவதாகத் தெரியும் பதில் இன்னொருவர் போனில் மூன்றாவதாகத் தெரியும், நேரமும் நிமிடக் கணக்கில்தான் காட்டும். 90 நொடிக்குள் சரியாகச் சொன்ன எல்லோருக்கும் 10 புள்ளி, 60-வது நொடியில் ஒரு குறிப்பு, குறிப்புக்குப் பிறகு வந்த பதிலுக்கு 5. யார் எப்போது அனுப்பினார் என்று பிரிக்க, குறிப்பையே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம்: நடத்துபவரின் போனில் குறிப்புக்கு மேலே இருந்தால் 10, கீழே இருந்தால் 5. யாருடைய போன் கணக்கு என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்த முடியும். திருத்திய பதிலுக்கு அடையாளம் தெரியும், அதற்குப் புள்ளி இல்லை என்பதையும் விதியில் சேருங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் தெரிவதால் குழுவின் கெட்டிக்காரர் எங்கே அழுத்துகிறாரோ அங்கேயே கூட்டமும் அழுத்தும். டெலிகிராமில் பெயர் மறைத்து, சரியான பதிலையும் குறித்து வைக்கும் க்விஸ் வகை வாக்கெடுப்பு இருக்கிறது, இந்த வேலைக்கு அது மேல்.

கூகுளைத் தடுக்க முடியாது, தடுக்க முயல்வதும் வீண். கேள்வியைப் படமாக மாற்றிப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. படத்திலிருக்கும் எழுத்தையும் போன் படித்துத் தேடிவிடும். அதைவிட, திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் படம் அவரை வெளியே தள்ளிவிடுகிறது. எழுத்தாகவே போடுங்கள். கோர்வைக் கேள்விக்கு ஒரே தேடலில் விடை வராது, இரண்டு மூன்று தேடல் வேண்டும், அதற்குள் 90 நொடி முடிந்துவிடும். "டெஸ்ட்டில் இந்தியர்களின் முதல் மூன்று முச்சதங்களில் இரண்டு ஒரே மைதானத்தில். மூன்றாவது எந்த ஊரில்?" சேவாக் 319, கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303, இரண்டும் சேப்பாக்கம். சேவாக்கின் 309 முல்தானில். யோசிப்பவர் 20 நொடியில் வந்துவிடுவார், தேடுபவர் பின்தங்குவார்.

பெயர் எழுதுவதில் வரும் சிக்கலை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். ஜயசூரிய, ஜெயசூர்யா எல்லாம் ஒன்றே, ஒலி பொருந்தினால் போதும். தங்கிலீஷும் செல்லும். ஆனால் "சிங்" என்று மட்டும் எழுதினால் செல்லாது, "மணிந்தர்" என்றால் செல்லும். தமிழகத்தவர் "ரன்", "பேட்டிங்", "கால்பந்து" என்பதை இலங்கைத் தமிழர்கள் "ஓட்டம்", "துடுப்பாட்டம்", "உதைபந்தாட்டம்" என்பார்கள். கேள்வியில் முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் யாருக்கும் அந்நியமாக இருக்காது. அதுவே ஒரு நல்ல பேச்சுக்கும் வழி விடும். "களத்தடுப்பு" (ஃபீல்டிங்) என்ற சொல்லை முதல் முறை கேட்கும் சென்னைக்காரர் அதை விடவே மாட்டார்.

மறுப்பு வரும். கேள்வி முடிந்து பத்து நிமிடம் வரை மறுக்கலாம், ஆதாரம் ஸ்கோர்கார்டோ போட்டி நடத்திய அமைப்பின் பதிவோ மட்டும். வாசகத்தில் ஓட்டை இருந்தது உறுதியானால் கேள்வியை ரத்து செய்யாமல் இரண்டு பதிலுக்கும் புள்ளி கொடுங்கள். ரத்து செய்தால் நேர்மையாகச் சரியாகச் சொன்னவர் நஷ்டப்படுகிறார், அவர் திரும்ப வரமாட்டார். சமநிலை வந்தால் ஒரு எண் கேள்வி, மிக அருகில் சொன்னவர் வெற்றி. அதிலும் சமம் என்றால் பகிர்ந்துகொள்ளட்டும்.

பேச்சு ஆட்டச் செய்திக்குப் போவது இயல்பு. அங்கே இரண்டு விஷயம். ஒன்று, இணையத்தில் ஆட்டம் பார்ப்பவருக்குத் தொலைக்காட்சியைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்சி வரும். "அவுட்!" என்று ஒருவர் கத்தினால் இன்னொருவரின் ஆட்டம் கெட்டுப்போகும். கடைசி ஐந்து ஓவரில் ஓவர் முடிந்த பிறகே எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, துக்கச் செய்தி. 2023 ஆகஸ்டில் ஜிம்பாப்வேயின் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அவருடன் ஆடியவரே பகிர்ந்ததால் பெரிய ஊடகங்களும் நம்பின. சில மணி நேரத்தில் ஸ்ட்ரீக்கே உயிரோடு இருப்பதாகச் சொன்னார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர் தன் இரங்கல் குறிப்புகளைத் தானே படிக்க நேர்ந்தது. செப்டம்பர் 3 அன்று அவர் உண்மையிலேயே காலமானார். மரணம், விபத்து, ஓய்வு அறிவிப்பு எதுவானாலும் குடும்பமோ வாரியமோ சொல்லும் வரை குழுவில் பகிர வேண்டாம். பத்து நிமிடம் பிந்துவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

எதிரில் இருப்பவர் வயதும் பாலினமும் தெரியாதபோது "தம்பி", "ப்ரோ", "சகோ" என்று ஊகித்து அழைக்காமல் "நீங்கள்" என்றும் அவர் வைத்திருக்கும் பெயரிலும் பேசுவது நல்லது. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் 1983 உலகக் கோப்பை பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவராக இருக்கலாம். வேலை என்ன, எந்தத் தெரு என்றெல்லாம் கேட்பது பேச்சை வளர்க்காது. "நீங்கள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்த முதல் ஆட்டம் எது?" என்று கேட்டால் வளரும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாலே தொலைபேசி எண் மற்றவர்களுக்குத் தெரியக்கூடும். டெலிகிராமில் எண்ணை மறைக்கும் அமைப்பு இருக்கிறது, சேர்பவர்களுக்கு முதல் செய்தியிலேயே அதைச் சொல்லிக்கொடுங்கள். 10 ரூபாய் நுழைவுக் கட்டணம்கூட வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அதற்கும் மேலாக, பணம் உள்ளே வந்த நிமிடத்தில் பரிசுக்கு ஓடிபி கேட்கும் ஆளும் பின்னாலேயே வந்துவிடுவார்.

எட்டும் முடிந்து ஆட்டமும் முடிந்த பிறகு, புள்ளி இல்லாத ஒரு கேள்வியை இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள், பதில் காலை 8 மணிக்கு. வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களுக்கும் இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் அதுதான் வாசல். ஒரு மாதிரி: "தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில், ஒரே விளையாட்டில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிறப் பதக்கம். சேலம் மாவட்டத்துக்காரர். யார், எந்த விளையாட்டு, எந்த வரிசையில்?" மாரியப்பன் தங்கவேலு, உயரம் தாண்டுதல். ரியோ 2016-ல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸ் 2024-ல் வெண்கலம்.